இனிப்பு எங்கே போனது?

ஜெர்மனியில் பழைய வீடு என்றால் தரைக்குக் கீழே ஓர் அறை கட்டாயம் இருக்கும். 'கெல்லர்' என்பார்கள். நிலவறை என்று தமிழில் எழுதினால் ராஜா காலத்துச் சுரங்கப்பாதை ஞாபகத்துக்கு வருகிறது. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. உருளைக்கிழங்கு மூட்டை, ஆப்பிள் கூடை, ஜாம் பாட்டில்கள், காற்று இறங்கிய சைக்கிள், வாஷிங் மெஷின், கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டி என்று நம் வீட்டில் பரண் பார்க்கிற வேலையை இங்கே கெல்லர் பார்க்கிறது. ஒரே வித்தியாசம், பரண் வேகும். கெல்லர் வருஷம் முழுக்கக் குளிர்ந்தே கிடக்கும். வெளியே வெயிலோ பனியோ, நல்ல கெல்லர் ஒன்றில் வெப்பநிலை 10, 12 டிகிரியை ஒட்டியே நிற்கும். இருட்டு, கொஞ்சம் ஈரம், ஆள் நடமாட்டம் குறைவு. ஒயினுக்கு வயதாவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

மது என்றதும் முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த வாரப் பத்தியில் வரும் மொத்த அளவு ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ்தான்.

வெள்ளை ஒயினை வாங்கி ஓரிரு வருஷத்தில் குடித்துவிட வேண்டும் என்பது பொது வழக்கம். இனிப்பு ஒயின் என்றால் விவரம் தெரியாதவர்கள் குடிப்பது என்று ஒரு இளக்காரமும் உண்டு. இரண்டையும் பொய்யாக்குகிற திராட்சை ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. பெயர் ரீஸ்லிங். 1435-ம் வருஷம் ரூசல்ஸ்ஹைம் என்ற ஊரில் ஒரு பிரபுவின் செலவுக் கணக்கில் ரீஸ்லிங் கொடி வாங்கிய தொகை எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் திராட்சையைப் பற்றிக் கிடைத்திருக்கும் முதல் எழுத்துச் சான்று அதுதான். கவிதையில் இல்லை, காவியத்தில் இல்லை, கணக்குப் பிள்ளையின் நோட்டில்!

ரீஸ்லிங்கின் பலம் அதன் புளிப்பு. மோசெல் ஆற்றங்கரையில் பலகைக் கற்கள் நிறைந்த செங்குத்தான சரிவுகளில் இதை வளர்க்கிறார்கள். ப்ரெம் ஊரில் உள்ள கால்மோன்ட் சரிவில் சில இடங்கள் 65 டிகிரி சாய்வு. அங்கே ஏறிக் காய் பறிப்பதைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். பகலில் சூடேறிய கல் ராத்திரியில் அந்தச் சூட்டைக் கொடிக்குக் கொடுக்கிறது. ஆனாலும் குளிர்ப் பிரதேசம் என்பதால் பழம் அவசரப்படாமல் அக்டோபர் வரை பழுக்கும். சர்க்கரை ஏறும், புளிப்பு முழுசாக இறங்காது. இந்தச் சாற்றை நொதிக்க விட்டால் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றிக்கொண்டே போகும். பாதி வழியில் அதை நிறுத்திவிட்டால், தின்னாமல் விட்ட சர்க்கரை அப்படியே ஒயினில் தங்கும். ஆல்கஹால் வெறும் 7, 8 சதவிகிதம்தான் இருக்கும். சாதாரண ஒயினில் 12, 13. சர்க்கரையோ லிட்டருக்கு 100 கிராமைத் தொடலாம். பாட்டிலில் விற்கிற கோலாவில் இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் அது கோலா போல இனித்து வழிவதில்லை? எலுமிச்சை ஜூஸ் போடுகிற எல்லோருக்கும் பதில் தெரியும். புளிப்பும் இனிப்பும் ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்ளும். அதே இரண்டும், போதாததற்குப் பாட்டிலில் அடைக்கும்போது சேர்க்கிற கொஞ்சம் கந்தகமும் சேர்ந்துதான் இந்த ஒயினைப் பல பத்தாண்டுகள் கெடாமல் காக்கின்றன. நம் ஊறுகாய் ஜாடிக்குள் நடக்கும் அதே ராஜதந்திரம்.

எந்தப் பழம் எவ்வளவு இனிப்பு என்று அளப்பதற்கு ஜெர்மானியர்கள் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஃபோர்ட்ஸ்ஹைம் ஊரில் வாழ்ந்த ஃபெர்டினாண்ட் எக்ஸ்லே என்ற பொற்கொல்லரின் பெயரில் அது வழங்குகிறது. ஒரு லிட்டர் பழச்சாறு ஒரு லிட்டர் தண்ணீரைவிட எத்தனை கிராம் அதிக எடையோ, அத்தனை டிகிரி எக்ஸ்லே. 1971-ல் வந்த ஒயின் சட்டம் இந்த டிகிரியை வைத்துத்தான் படிநிலை பிரித்தது. ஷ்பேட்லேஸே என்றால் தாமத அறுவடை. அதற்கு மேலே அவுஸ்லேஸே, அதாவது நன்றாகக் கனிந்த கொத்துகளை மட்டும் பொறுக்கி எடுத்தது. மோசெலில் ரீஸ்லிங் அவுஸ்லேஸே என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால் குறைந்தது 83 டிகிரி வேண்டும். உச்சியில் இருப்பதற்கு ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேஸே என்று பெயர். ஒரு மூச்சில் சொல்ல முடிந்தால் நீங்கள் இன்னும் குடிக்க ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம்.

இந்தத் தாமதத்துக்கு ஒரு கதை உண்டு. ரைன் கரையில் யோஹானிஸ்பெர்க் தோட்டத்தில் அறுவடை தொடங்க வேண்டுமானால் ஃபுல்டாவில் இருந்த ஆயரின் அனுமதி வேண்டும். 1775-ல் அனுமதிக் கடிதத்தைக் கொண்டுவர வேண்டிய குதிரைக்காரன் வாரக்கணக்கில் தாமதித்துவிட்டான். கொடியிலேயே பழமெல்லாம் பூஞ்சை பிடித்துச் சுருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் அதையே பிழிந்தார்கள். அதற்கு முன் அங்கே யாரும் குடித்திராத ருசி. கதையில் சொல்பவர்கள் சேர்த்த மசாலா எவ்வளவோ, அந்தக் குதிரைக்காரனுக்குத் தோட்டத்தில் சிலை வைத்திருப்பது நிஜம். தாமதமாக வந்ததற்காகச் சிலை வைக்கப்பட்ட அரசு ஊழியர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பூஞ்சையின் பெயர் பொட்ரைடிஸ். மழை நாளில் வந்தால் அழுகல். ஈரக் காலையும் வெயில் மதியமும் மாறி மாறி வருகிற இலையுதிர் காலத்தில் வந்தால் வரம். தோலில் நுண்ணிய துளை போடும், தண்ணீர் ஆவியாகும், பழம் உலர்திராட்சை மாதிரி சுருங்கும், உள்ளே சர்க்கரையும் புளிப்பும் செறிவாகும். 1976-ல் அப்படித்தான் நடந்தது. ஐரோப்பாவே வறண்டுபோன கோடை அது. இலையுதிர் காலத்தில் ஈரம் வந்தது, மோசெலில் தோட்டம் தோட்டமாகப் பூஞ்சை இறங்கியது. அன்றைக்கெல்லாம் பழம் இப்படிக் கனிகிற வருஷம் அபூர்வம். அந்தப் பத்தாண்டில் 71, 75, 76 என்று விரல் விட்டுச் சொல்வார்கள். இப்போது பூமி சூடேறி வருஷா வருஷம் பழுத்துவிடுகிறது. இன்றைய விவசாயியின் கவலை புளிப்பு தங்குமா என்பது. 2019-ம் வருஷ அறுவடையில், கொடியிலேயே உறைந்த பழத்தில் செய்கிற ஐஸ் ஒயின் நாடு முழுக்கக் கைவிட்டுப்போனது. அதற்குத் தேவையான மைனஸ் 7 டிகிரிக் குளிர் வரவே இல்லை.

76-ல் அவுஸ்லேஸே அமோகமாக விளைந்தது. ஜனங்கள் பெட்டி பெட்டியாக வாங்கிக் கெல்லரில் அடுக்கினார்கள். அப்புறம் காற்று மாறியது. மலிவான இனிப்பு ஒயினைப் பல நாடுகளுக்கும் ஏற்றுமதி செய்து பெயரைக் கெடுத்துக்கொண்டார்கள். 1985-ல் ஆஸ்திரிய ஒயினில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனத்தைக் கலந்திருந்தது அம்பலமானது. இங்கே பாட்டிலில் அடைத்த சில சரக்குகளிலும் அது இருந்தது. இனிப்பு ஒயின் என்றாலே சந்தேகம் என்று ஆகிவிட்டது. மேஜைகளில் 'ட்ரோக்கன்', அதாவது சர்க்கரை இல்லாத ஒயின் ஏறியது. இனிப்பு பாட்டில்கள் கெல்லரிலேயே தங்கின. யாரும் திட்டமிட்டுச் சேமித்ததில்லை. பாதிப் பேர் மறந்துபோனார்கள், மீதிப் பேருக்குக் குடிக்கச் சந்தர்ப்பம் வரவில்லை.

அந்த பாட்டில்களை வாங்கியவர்களுக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. வீட்டை விற்றுவிட்டு லிஃப்ட் உள்ள அபார்ட்மென்ட்டுக்குப் போகிறார்கள். அங்கே கெல்லர் என்பது கம்பி வலை அடித்த ஒரு தடுப்பு. தலைக்கு மேலே ஹீட்டர் குழாய் ஓடும். ஒயின் அங்கே ஒரு வருஷம்கூட நிம்மதியாக இருக்காது. ஆகவே வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி எழுகிறது. இது இன்னும் உயிரோடு இருக்கிறதா?

திறக்காமல் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் சில ஜாதகக் குறிப்புகள் உண்டு. முதலில் மட்டம். நிற்கவைத்த பாட்டிலில் ஒயின் கழுத்துவரை இருந்தால் நல்லது. தோள்பட்டைக்கு இறங்கியிருந்தால் அந்த இடத்தைக் காற்று பிடித்துவிட்டது என்று பொருள். அடுத்தது நிறம். மோசெல் பாட்டில் பச்சை, ரைன் பாட்டில் பழுப்பு. பச்சைக் கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்க்கலாம். பொன் நிறம் சரி, கலங்கிய பழுப்பு சரியில்லை. அடியில் கற்கண்டைத் தூளாக்கியது மாதிரி ஏதாவது மின்னினால் பயப்பட வேண்டாம். அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. நம் புளியில் இருக்கும் அதே அமிலம்தான். கண்ணாடித்தூள் என்று நினைத்து நல்ல ஒயினைக் கொட்டியவர்கள் நிறைய.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர். ரயில் எஞ்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். அவர் மகள் பிறந்தது 1976. குழந்தை பிறந்த வருஷத்து ஒயினை வாங்கி வைப்பது இங்கே பல குடும்பங்களில் வழக்கம். பதினெட்டாம் பிறந்தநாளில் ஒன்று, கல்யாணத்தில் ஒன்று, அப்புறம் பேரன் பேத்தி வந்தால் ஒன்று என்று கணக்கு. அவரும் ஒரு சிறு விவசாயியிடம் 12 பாட்டில் அவுஸ்லேஸே வாங்கினார். அந்தக் கணக்கு நடக்கவில்லை. பதினெட்டு வயதில் மகள் ஒரு வாய் குடித்துவிட்டு, "சிரப் மாதிரி இருக்கிறது அப்பா" என்று கிளாஸை வைத்துவிட்டார். கல்யாணம் ஹாம்பர்க்கில் நடந்தது, அங்கே ட்ரோக்கன்தான் ஊற்றினார்கள். நடுநடுவே பெரியவரும் மனைவியும் ஐந்து பாட்டிலைக் காலி செய்திருக்கிறார்கள். மீதி ஏழு.

வீடு விற்பது முடிவானதும் மகள் போனில், "விற்றுவிடுங்கள்" என்றாராம். பெரிய பண்ணையின் பெயர் இல்லாத பாட்டிலுக்கு ஏலத்தில் பெரிய விலை வராது. அதைவிட, விற்க அவருக்கு மனசு வரவில்லை. சாமான்களைப் பிரிக்க மகள் வந்திருந்த ஒரு சனிக்கிழமை என்னையும் கூப்பிட்டார். "நீங்கள் ஒரு சாட்சி" என்றார். எதற்குச் சாட்சி என்று சொல்லவில்லை.

ஒரு வாரமாகவே இரண்டு பாட்டில்களை நிற்கவைத்து வண்டல் படிய விட்டிருந்தார். லேபிளின் பாதியைப் பூஞ்சை தின்றிருந்தது. மிச்சத்தில் அரசு பரிசோதனை எண் தெரிந்தது. ஜெர்மன் ஒயினில் அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் பரிசோதித்த வருஷம். 77 என்று இருந்தது. பழைய கார்க்கில் திருகு ஆணி ஏற்றினால் பொடிந்துவிடும் என்பதால், இரண்டு மெல்லிய தகடு உள்ள திறப்பானைப் பக்கவாட்டில் செருகி ஆட்டி ஆட்டி எடுத்தார்.

முதல் பாட்டிலின் கார்க் முழுக்க நனைந்து, கையோடு பிய்ந்து வந்தது. ஊற்றினால் பால் ஊற்றாத டீ நிறம். வாடிப்போன ஆப்பிள் வாசனை, அதற்குப் பின்னால் ஈர அட்டைப்பெட்டி. நாக்கில் வைத்தால் புளிப்பு மட்டும் தனியாக நின்றது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பெரியவர் மூன்று கிளாஸையும் சிங்க்கில் கொட்டிக் கழுவித் துடைத்து, இரண்டாவதை எடுத்தார்.

கார்க்கில் கீழ்ப் பாதிதான் கருத்திருந்தது, மேல் பாதி காய்ந்து உறுதியாக இருந்தது. கிளாஸில் விழுந்த நிறம் பழைய தங்கம், பித்தளைக்குக் கொஞ்சம் முந்தைய நிலை. மூக்கருகே கொண்டுபோனால் மண்ணெண்ணெய்! வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பம்ப் ஸ்டவ் பற்றவைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று புரியும் வாசனை. முதிர்ந்த ரீஸ்லிங்கின் முத்திரையே அதுதான். திராட்சைத் தோலில் கேரட்டுக்கு நிறம் தரும் குடும்பத்தைச் சேர்ந்த நிறமிகள் உண்டு. அவை வருஷக்கணக்கில் உடைந்து டிடிஎன் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு சேர்மம் ஆகிறது, அதன் வாசனை இது. வெயில் அதிகம் பட்ட பழத்தில் இன்னும் அதிகம் வரும். ஜெர்மன்காரர்கள் 'பெட்ரோல் வாடை' என்பார்கள். அவர்கள் மொழியில் பெட்ரோலியம் என்றால் விளக்கெண்ணெய்ச் சாடியில் ஊற்றுகிற மண்ணெண்ணெய்தான், காருக்குப் போடுவது வேறு பெயர்.

"காத்திருங்கள்" என்றார் பெரியவர். பத்து நிமிஷம் போனது. மண்ணெண்ணெய் பின்னுக்குப் போய், உலர்ந்த ஆப்ரிகாட், தேன்மெழுகு, ஆரஞ்சுத் தோல் என்று ஒவ்வொன்றாக வந்தது. எனக்கு உப்பில் ஊறி வருஷங்கள் ஆன நார்த்தங்காயின் ஞாபகமும் வந்தது. அதை அவர்களுக்கு எப்படி விளக்குவது என்று விட்டுவிட்டேன். குடித்தபோது முதலில் புளிப்பு, கத்தி மாதிரி நேராக. அதன் பின்னால் ஏதோ இனிப்பு இருந்த சுவடு. விழுங்கிய பிறகும் ஒரு நிமிஷத்துக்கு மேல் நாக்கில் நின்றது.

மகள் இரண்டாவது வாய் குடித்தார். "இனிப்பு எங்கே போனது?" என்றார். "அன்றைக்குச் சிரப் மாதிரி இருந்ததே. இது அதே ஒயினா?"

"அதே பெட்டி" என்றார் அப்பா.

இந்தக் கேள்வியைப் பழைய ரீஸ்லிங் குடிக்கிற எல்லோரும் கேட்கிறார்கள். சர்க்கரை ஆவியாகி எங்கும் போகவில்லை. மூடிய பாட்டிலில் அதைத் தின்ன ஈஸ்ட்டும் இல்லை. சோதனைக் கூடத்தில் அளந்தால் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஒயின்காரர்கள் சொல்கிற விளக்கம் இது: நாம் இனிப்பை நாக்கால் மட்டும் அறிவதில்லை. இளசாக இருக்கும்போது பீச், அன்னாசி என்று பழ வாசனை மேலே நிற்கிறது. அந்த வாசனை 'இனிப்பு' என்று மூளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. வயதாக ஆகப் பழ வாசனை உதிர்ந்து, தேன்மெழுகும் மரமும் மண்ணெண்ணெயும் வரும்போது அந்தச் சிபாரிசு நின்றுபோகிறது. சர்க்கரை ருசியாகத் தெரியாமல் வழவழப்பாக மட்டும் தெரிகிறது.

இடையில் ஒரு ஊமைக் காலமும் உண்டு. பாட்டிலில் அடைத்த சில வருஷங்களில் இளமை போய், முதிர்ச்சியும் வராமல், வாசனையே இல்லாமல் கிடக்கும். அந்த நேரத்தில் திறந்தவர்கள் ஏமாந்துபோய் மிச்சத்தைத் தானம் செய்துவிடுவார்கள். அவுஸ்லேஸே வாங்குகிறவர்களுக்கு நான் கண்ட நியாயம், ஆறு பாட்டிலுக்குக் குறைந்து வாங்காதீர்கள். ஒன்றை வைத்து ஒரு ஒயினைத் தெரிந்துகொள்ள முடியாது. இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்த இரண்டில் ஒன்று செத்து, ஒன்று பிழைத்ததைத்தான் மேலே பார்த்தீர்களே. வித்தியாசம் ஒரு துண்டு கார்க்.

சைட் டிஷ் என்ன என்று கேட்பவர்களுக்கு: கேக், ஐஸ்கிரீம் கூடவே கூடாது. ஒயினைவிட இனிப்பான எதையும் பக்கத்தில் வைத்தால் ஒயின் வெறும் புளிப்பாகிவிடும். உப்பு கரிக்கும் நீலப் பூஞ்சைச் சீஸ் பிரமாதம். அன்றைக்குப் பெரியவர் வைத்தது ரொட்டியும் வெண்ணெயும்தான். கிளாஸைப் பனிக்கட்டி மாதிரி குளிர வைப்பதும் வீண், கெல்லரில் இருந்து எடுத்த சூடே போதும்.

பாட்டிலில் பாதி மிஞ்சியது. சிவப்பு ஒயின் என்றால் இந்த வயதில் ஒரு மணி நேரத்தில் சரிந்துவிடும். ஹ்யூ ஜான்சன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1961-ல் வூர்ட்ஸ்பர்க் ஊரின் 1540-ம் வருஷத்து வெள்ளை ஒயினை ருசித்திருக்கிறார். நான்கு நூற்றாண்டு தாண்டியும் உயிர் இருந்தது, ஆனால் காற்றுப் பட்டதும் சில நிமிஷத்தில் கண்ணெதிரே போய்விட்டது. நம் 1976 அவ்வளவு கிழம் இல்லை. கார்க்கைத் திரும்பச் செருகி ஃபிரிட்ஜில் வைத்தார்கள். திங்கட்கிழமை மாலை கதவைத் தட்டி எனக்கு இன்னொரு அரை கிளாஸ் தந்தார் பெரியவர். ஆப்ரிகாட் கொஞ்சம் குறைந்து, தேன் கூடியிருந்தது. சனிக்கிழமையைவிட நன்றாக இருந்தது என்று இரண்டு பேருமே ஒப்புக்கொண்டோம்.

மீதி ஐந்து பாட்டிலையும் மகள் அதற்கு முந்தின நாளே போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஹாம்பர்க்கில் அவர் இருப்பது நாலாவது மாடி, கெல்லர் கிடையாது. நாலு பாட்டில் ஒரு தோழி வீட்டு நிலவறையில் படுத்திருக்கிறது. ஒன்று மட்டும் ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில், கேரட்டுக்குப் பக்கத்தில்.